ஐந்து லட்சம் கூடுதலாகக் கொடுத்து டாப் வேரியன்ட் வாங்கலாமா?

கேள்வி

கோவை பீளமேட்டில் வசிக்கிறேன். கணபதி பக்கம் சிறியதாக ஒரு பவுண்டரி நடத்துகிறேன். பல வருடம் ஓட்டிய செடானைக் கொடுத்துவிட்டு, முதல்முறையாக ஒரு லக்ஷுரி எஸ்.யூ.வி. வாங்கலாம் என்று இருக்கிறோம். ஆடி க்யூ3 வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எந்த வேரியன்ட் என்பதில்தான் இழுபறி. ‘பிரீமியம் பிளஸ்’, ‘டெக்னாலஜி’ என்று இரண்டு சொல்கிறார்கள். ஷோரூம் விலையிலேயே இரண்டுக்கும் ஐந்து லட்சம் போல வித்தியாசம் வருகிறது.

தினமும் வீட்டுக்கும் பவுண்டரிக்கும் போய்வருவேன். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு குன்னூர் போவோம். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. மனைவியும் வண்டி ஓட்டுவார். கல்லூரியில் படிக்கும் மகன், “எடுத்தால் டாப் எண்ட்தான் எடுக்கணும்” என்கிறான். மனைவியோ, “அந்தப் பணத்துக்கு மேலே அப்படி என்ன கிடைக்கிறது?” என்று கேட்கிறார். விற்பனையாளர், “இவ்வளவு போடறீங்க, இன்னொரு அஞ்சு லட்சத்துக்கு யோசிக்கலாமா சார்? விற்கும்போது டாப் மாடலுக்குத்தான் விலை. கம்பெனி பேர்ல எடுத்தா ஜி.எஸ்.டி. திரும்ப வந்துடும்” என்கிறார். பாதிப் பணம் வங்கிக் கடன். நான் எதை எடுக்கட்டும்?

– ஒரு வாசகர், கோவை

பதில்

பிரீமியம் பிளஸ் எடுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் தேவைகளை வைத்துப் பார்த்தால் இதுதான் என் பதில். அந்த ஐந்து லட்சத்தில் பெரும்பகுதி திரைக்கும், விளக்குக்கும், சில சௌகரியங்களுக்கும் போகிறது. உங்கள் அம்மா ஏறி இறங்குவதிலோ, குன்னூர் மலைப்பாதையில் வண்டி திரும்புவதிலோ, நிற்பதிலோ அது எதையும் மாற்றுவதில்லை.

எல்லா வண்டிக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். சில வண்டிகளில் மேல் வேரியன்ட்தான் சரியான தேர்வு. ஆகவே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு வேறு பிராண்டு பக்கம் மனம் போனாலும் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவும்.

பானட்டுக்குக் கீழே என்ன மாறுகிறது?

இரண்டு வேரியன்ட்டை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. இந்தத் தலைமுறை க்யூ3 நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அன்றைய ஷோரூம் விலை, பிரீமியம் பிளஸ் 44.89 லட்சம், டெக்னாலஜி 50.39 லட்சம். ஐந்தரை லட்சம் வித்தியாசம். ஆனால் இரண்டிலும் அதே 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், அதே 190 குதிரைத்திறன், அதே 320 நியூட்டன் மீட்டர் டார்க், அதே ஏழு கியர் ஆட்டோமேட்டிக். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி அனுப்பும் ‘குவாட்ரோ’ அமைப்பும் இரண்டிலும் உண்டு. சக்கரம் இரண்டிலும் 18 அங்குலம்தான். டிசைன் மட்டும் வேறு.

உங்கள் வீட்டுக்குத் தேவையானவை பலவும் கீழ் வேரியன்ட்டிலேயே வந்துவிடுகின்றன. முன் சீட்டுகளைப் பட்டனில் நகர்த்தலாம், இடுப்புக்குத் தாங்கலும் உண்டு. பின் சீட்டை முன்னும் பின்னும் தள்ளலாம். அம்மாவுக்குக் காலை நீட்ட இடம் வேண்டும் என்றால், டிக்கி இடத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பின் சீட்டைக் கடைசிவரை தள்ளிவிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. பெரிய சன்ரூஃப், எல்.இ.டி. ஹெட்லைட், ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில் எல்லாம் இரண்டுக்கும் பொது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், அந்தப் பேடிலால் கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்கலாம். மலைப்பாதையில் உண்மையாகவே உயிர் காக்கும் வசதி அது.

கூடுதல் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

டெக்னாலஜி வேரியன்ட்டின் பட்டியலில் முக்கியமாக இருப்பவை: ‘விர்ச்சுவல் காக்பிட் பிளஸ்’ மீட்டர் திரை, வண்டியிலேயே நேவிகேஷன் உள்ள டச் ஸ்கிரீன், ‘டிரைவ் செலக்ட்’, ஒயர்லெஸ் சார்ஜர், 30 நிறங்களில் மாறும் உள்விளக்கு, காலை அசைத்தால் திறக்கும் டிக்கி. பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், நீங்கள் புக் செய்யும் நாளில் உள்ள பிரௌஷரை வாங்கி வரிவரியாகச் சரிபாருங்கள்.

மீட்டர் இரண்டு வேரியன்ட்டிலும் டிஜிட்டல்தான். மேலே உள்ளதில் மேப் மீட்டர் திரை முழுக்க விரியும். பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தினமும் போவது பீளமேட்டிலிருந்து கணபதிக்கு. அந்த வழிக்கு மேப் தேவையில்லை. வெளியூர் போகும்போது போனை இணைத்துவிட்டால் நடுத்திரையில் கூகுள் மேப் வந்துவிடும். எந்தச் சாலையை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எங்கே நெரிசல் என்பதை வண்டியில் உள்ள நேவிகேஷனைவிடப் போன்தான் உடனுக்குடன் சொல்கிறது. இதனால் லக்ஷுரி கார் வைத்திருப்பவர்களிலும் பலர் வண்டியின் நேவிகேஷனைத் தொடுவதே இல்லை.

அடுத்து ‘டிரைவ் செலக்ட்’. ஷோரூமில் அதிகம் பேசப்படுவதும், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கம்ஃபர்ட், டைனமிக் என்று பட்டனை மாற்றினால் வண்டியே மாறிவிடும் என்பதுபோல விளக்குவார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் எவ்வளவு சுறுசுறுப்பாக எழுகிறது, கியர் எப்போது மாறுகிறது, ஸ்டீயரிங் எவ்வளவு கனமாக இருக்கிறது ஆகிய மூன்றும் மாறும். சஸ்பென்ஷன் மாறாது. மின்னணு முறையில் மெத்தென்றும் விறைப்பாகவும் மாறும் ஷாக் அப்சார்பர் இருந்தால்தான் அது நடக்கும். இந்த வண்டியில் இருப்பது ஒரே நிலையில் அமைந்த சஸ்பென்ஷன். ஆகவே கம்ஃபர்ட் பட்டனை அழுத்தியதும் அம்மாவுக்குக் குலுக்கல் குறையும் என்று எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள். கொஞ்சம் துடிப்பாக ஓட்ட வேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால், கீழ் வேரியன்ட்டிலும் கியரை ‘எஸ்’ நிலைக்குத் தள்ளினால் போதும்.

ஒயர்லெஸ் சார்ஜருக்கு மாற்றாக ஒரு நல்ல கேபிள் போதும். கோடையில் மேப் ஓடிக்கொண்டிருக்கும் போனை அந்தத் தட்டில் வைத்தால் சூடாகி, சார்ஜ் ஏறுவது மெதுவாகிவிடும். உள்விளக்கின் 30 நிறங்கள் மகனுக்கு முதல் வாரம் மகிழ்ச்சி தரும். பிறகு ஒரே நிறத்தில் நின்றுவிடும்.

இந்தப் பட்டியலில் நான் மதிப்பது டிக்கியைத்தான். இரு கையிலும் பையோடு வருகிறவருக்கும், உயரமான கதவை எட்டி இழுத்து மூட வேண்டியவருக்கும் அது அன்றாட உதவி. உங்கள் மனைவியை ஷோரூமில் கீழ் வேரியன்ட்டின் டிக்கியை நாலைந்து முறை கையால் திறந்து மூடச் சொல்லுங்கள். சிரமமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அதைப் பொருட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு வசதிக்கு விலை எவ்வளவு என்று கீழே வரும் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிடித்ததை மட்டும் ஏன் எடுக்க முடிவதில்லை?

ஜெர்மனியில் இதே பிராண்டு வண்டி வாங்குகிறவர், நீளமான ஆப்ஷன் பட்டியலை வைத்துக்கொண்டு டிக்கி வேண்டும், நேவிகேஷன் வேண்டாம் என்று டிக் செய்து ஆர்டர் கொடுக்கலாம். அந்த ஆர்டரின்படி தொழிற்சாலையில் வண்டி தயாராகும். இங்கே நடைமுறை வேறு. க்யூ3 பாகங்களாக வந்து, மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் ஆலையில் ஒன்று சேர்க்கப்படுகிறது. பி.எம்.டபிள்யூ. 2007 முதல் சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும், மெர்சிடிஸ் புனே அருகே சாக்கனிலும் இதே முறையில்தான் பெரும்பாலான மாடல்களைத் தயாரிக்கின்றன. முழு வண்டியாக இறக்குமதி செய்தால் சுங்கவரி மிக அதிகம் என்பதே காரணம்.

விற்பனை எண்ணிக்கை குறைவாக இருக்கும் சந்தையில், ஒவ்வொருவருக்கும் ஒரு விதமாகப் பாகங்களை வரவழைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் எல்லாவற்றையும் இரண்டே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். பாயசம் மட்டும்தான் வேண்டும் என்றாலும் முழு இலைக்கும் காசு கொடுத்தாக வேண்டும் என்பதே இங்கு நிலைமை. வோல்வோபோல, எக்ஸ்சி60-ஐ எல்லா வசதிகளோடும் ஒரே வேரியன்ட்டாக விற்கிற நிறுவனங்களும் உண்டு. அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஐந்து லட்சம் அதோடு நிற்பதில்லை

வாங்குகிறவர் மனதில் ஐந்து லட்சம் என்றுதான் பதிகிறது. பையிலிருந்து போவது அதைவிட அதிகம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் சாலை வரியை உயர்த்தினார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இப்போது 20 சதவீதம். ஆகவே ஐந்து லட்சத்துக்கு ரோடு டாக்ஸ் மட்டும் ஒரு லட்சம். இன்ஷூரன்ஸ் பிரீமியமும் அதற்கேற்ப ஏறும். எல்லாம் சேர்த்து ஆன்ரோடு வித்தியாசம் ஆறு லட்சத்தைத் தாண்டி, சுமார் 6.15 லட்சத்தில் நிற்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு டீலர் ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் செலவில் சேர்க்கவில்லை.

அந்த ஐந்து லட்சத்துக்குள்ளேயும் வரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதன்படி பொருளின் மதிப்பு 3.57 லட்சம், ஜி.எஸ்.டி. 1.43 லட்சம். ரோடு டாக்ஸையும் கூட்டினால், நீங்கள் தரும் ஆறு லட்சத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் வரி. திரைக்கும் விளக்குக்கும் டிக்கிக்கும் என்று போவது மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்.

பாதிப் பணம் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி விலை கூடினால் கூடுகிற தொகை பெரும்பாலும் கடன் பக்கம்தான் சேரும். 6.15 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 12,800 ரூபாய் அளவில் கூடும். கடைசியில் நீங்கள் கட்டி முடிப்பது 7.66 லட்சம்.

கம்பெனி பேரில் எடுத்தால்?

விற்பனையாளர் சொன்னதில் உங்களுக்கு நஷ்டம் வைக்கக்கூடியது இதுதான், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். பவுண்டரி பேரில் வாங்கினாலும் இந்த வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரக்கூடிய பயணிகள் வாகனங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்திருக்கிறது. கார் விற்கிறவர், வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்கிறவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் போன்றோருக்குத்தான் விலக்கு. பவுண்டரிக்கு இல்லை.

வருமான வரியில் சலுகை உண்டு. தொழிலுக்குப் பயன்படும் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், கடன் வட்டியையும் செலவாகக் காட்டலாம். ஆனால் ஒரு ரூபாய் செலவுக்கு வரியில் குறைவது சில பைசாதான். மீதி உங்கள் பணம். சொந்த உபயோகத்துக்கு ஓடும் பங்கை எப்படிக் காட்டுவது என்பதையும் புக்கிங்குக்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

விற்கும்போது டாப் மாடலுக்கு விலை கிடைக்குமா?

கொஞ்சம் கூடக் கிடைக்கும். கூடுதலாகக் கொடுத்தது திரும்பி வராது.

காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையைப் பாருங்கள். ஷோரூம் விலையிலிருந்து ஒரு வருடத்துக்குள் 15 சதவீதம், இரண்டாம் வருடத்தில் 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம் கழிப்பார்கள். அந்தக் கணக்குப்படி உங்கள் ஐந்து லட்சம் ஐந்து வருடத்தில் இரண்டரை லட்சமாகிவிடும். நீங்கள் கட்டிய ரோடு டாக்ஸும் வட்டியும் அதில் சேராது. 7.66 லட்சத்தில் இரண்டரை லட்சம் திரும்பி வந்தால்கூட, அந்தக் கூடுதல் வசதிகளுக்கு மாதம் 8,500 ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பீர்கள். தானாகத் திறக்கும் டிக்கியின் விலை என்ன என்று கேட்டேனே, அது இதுதான்.

பழைய லக்ஷுரி காரைப் பார்க்க வருகிறவர் வண்டி எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருக்கிறதா, வாரண்டி மீதி உண்டா என்றுதான் முதலில் கேட்பார். பெரிய ரிப்பேர் வந்தால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. வாரண்டி மீதியுள்ள கீழ் வேரியன்ட், வாரண்டி முடிந்த டாப் எண்டைவிடச் சீக்கிரம் விலைபோகும்.

எந்த வண்டியில் மேல் வேரியன்ட்டை எடுக்கச் சொல்வேன்?

பிற்பாடு பொருத்திக்கொள்ள முடியாத ஒன்று, நீங்கள் ஓட்டும் சாலையில் பயன்படுகிற ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்து மேல் வேரியன்ட்டில் இருந்தால் தயங்காமல் பணம் கொடுங்கள்.

பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 நல்ல உதாரணம். 2023 ஜனவரியில் அது வந்தபோது கீழ் வேரியன்ட் பெட்ரோல் 45.90 லட்சம், மேலே ‘எம் ஸ்போர்ட்’ டீசல் 47.90 லட்சம். இரண்டு லட்சம் கூடக் கொடுத்தால் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 136 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பதிலாக 2 லிட்டர், 150 குதிரைத்திறன் டீசல் கிடைத்தது. டார்க் 230-லிருந்து 360 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது. சென்னைக்கும் மதுரைக்கும் அடிக்கடி ஓடுகிறவர் அதை எடுத்திருந்தால் நல்ல முடிவு. ஆனால் உங்களைப்போல ஊருக்குள் குறுகிய தூரம் ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது. இன்றைய டீசல் கார்களில் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் அவ்வப்போது தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும்.

விலை ஏறினால் எல்லாமே ஏறும் என்றும் நினைக்க வேண்டாம். லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 2023-இல் வந்தபோது 350ஹெச் 95.80 லட்சம், 500ஹெச் 1.18 கோடி. மேலே உள்ளது 2.4 லிட்டர் டர்போ ஹைபிரிட், 366 குதிரைத்திறன், முன்பக்க பிரேக்கும் பெரியது. வேகம் விரும்புகிறவருக்கு அது வேறு வண்டி. ஆனால் அமெரிக்க அரசின் மைலேஜ் அளவீட்டை நம் கணக்குக்கு மாற்றினால் 350ஹெச் லிட்டருக்கு 15.3 கிலோமீட்டர், 500ஹெச் 11.5 கிலோமீட்டர். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 22 லிட்டர் பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஹைபிரிட்டை மைலேஜுக்காக வாங்குகிறவருக்குக் கீழ் வேரியன்ட்தான் உயர்ந்த வேரியன்ட்.

பாதுகாப்பு விஷயத்தில் என் நிலை உறுதியானது. கூடுதல் ஏர்பேக், எதிரே தடை வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி, கண்ணாடியில் தெரியாத பக்கத்து வண்டியை எச்சரிக்கும் வசதி, எதிரே வருகிறவர் கண்ணில் மட்டும் ஒளி படாமல் மறைத்துக்கொள்ளும் மேட்ரிக்ஸ் ஹெட்லைட் இவையெல்லாம் மேல் வேரியன்ட்டில் மட்டும் இருந்தால் அதையே எடுங்கள். பம்பருக்குப் பின்னால் ரேடார், முன் கண்ணாடியில் கேமரா, அவற்றை இணைக்கும் ஒயரிங், சாஃப்ட்வேர் எல்லாம் தொழிற்சாலையிலேயே பதிய வேண்டியவை. வெளிக்கடையில் போட முடியாது. நம் வெயிலுக்குக் காற்றோட்டமுள்ள சீட்டையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். உறையை மாற்றி அந்த வசதியைக் கொண்டுவர முடியாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்றும் உண்டு: பெரிய சக்கரம். டயரில் 235/55 ஆர்18 என்று இருந்தால், 235 மில்லிமீட்டர் அகலத்தில் 55 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர், அதன் பக்கச்சுவர் உயரம். 255/45 ஆர்20 என்றால் 115 மில்லிமீட்டர்தான். குழியில் இறங்கும் அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பர் அத்தனை குறைகிறது. டயர் பக்கவாட்டில் வீங்குவதும், அலாய் வளைவதும், பின் சீட்டில் இருப்பவர் முதுகு நோவதும் அதனால்தான். 20, 21 அங்குலச் சக்கரத்தை மேல் வேரியன்ட்டின் பெருமையாகக் காட்டினால், வயதானவர்கள் உள்ள வீட்டில் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் செய்ய வேண்டியவை

டாப் எண்டுக்கு ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு, பட்ஜெட் தாண்டிவிட்டது என்று இன்ஷூரன்ஸில் கைவைக்கிற குடும்பங்களை நினைத்தால் மனம் வருந்துகிறது. லக்ஷுரி காரில் அடி விழும்போது காப்பாற்றுவது அதுதான்.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகையைத்தான் தருவார்கள். இந்தக் கார்களில் பம்பர், ஹெட்லைட்டின் மேல்மூடி, கிரில் என்று முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். ஆகவே ஜீரோ டெப்ரிஸியேஷன் கட்டாயம். இன்ஜின் புரொட்டெக்‌ஷனும் எடுங்கள். மழைக்காலத்தில் லங்கா கார்னர் பாலத்தடியில் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி அது பழுதானால் சாதாரண பாலிசி கைகொடுக்காது. வண்டி திருட்டுப்போனாலோ முற்றிலும் சேதமானாலோ பில் தொகையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸையும் முதல் சில வருடங்களுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எக்ஸ்டெண்டட் வாரண்டி. இந்த வகை வண்டிகளில் ஒரு எலெக்ட்ரானிக் பாகம் பழுதானால் ரிப்பேர் செய்வது அரிது. முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள். கடன் ஓடும் ஐந்து வருடமும் வாரண்டி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் பேக்கேஜையும் வண்டி வாங்கும்போதே எடுத்தால் பேரம் பேச வழி உண்டு. இவை எல்லாம் சேர்ந்தாலும் ஆறு லட்சத்தில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே மிஞ்சும். அதைக் கடனில் குறைத்துவிடுங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது

டெஸ்ட் டிரைவுக்குப் பெரும்பாலும் டாப் எண்டையே தருவார்கள். கீழ் வேரியன்ட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, சீட் அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறதா, காலை உள்ளே வைக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இறங்கும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இது சரிவரவில்லை என்றால் வேரியன்ட்டை விடுங்கள், வேறு மாடலைப் பாருங்கள்.

பிறகு, பவுண்டரிக்குப் போகும் உங்கள் வழியிலேயே வண்டியை ஓட்டுங்கள். ஒருமுறை நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து மனைவியை ஓட்டச் சொல்லுங்கள். அன்றிரவு மகனையும் வைத்துக்கொண்டு ஒரு தாளில் இரண்டு வேரியன்ட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை எழுதி, ஒவ்வொன்றையும் மாதத்தில் எத்தனை முறை பயன்படுத்துவோம் என்று எதிரே குறியுங்கள். டாப் எண்ட் வேண்டும் என்ற மகனின் ஆசை தப்பில்லை. என்ன விலைக்கு என்ன கிடைக்கிறது என்று அவனும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும்.

என் பதில் மாற ஒரு சூழ்நிலை உண்டு. டிசம்பரில், வருடம் மாறுவதற்குள் ஸ்டாக்கைத் தீர்க்க டீலர்கள் தள்ளுபடி தருவார்கள். அப்போது டெக்னாலஜிக்கு ஆன்ரோடு வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்குள் வந்து, டிக்கி வசதி தேவை என்று உங்கள் மனைவியும் சொன்னால், தாராளமாக அதை எடுங்கள். வண்டி தயாரான மாதத்தையும் வருடத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வித்தியாசம் அதற்கு மேல் என்றால் பிரீமியம் பிளஸ், ஜீரோ டெப், இன்ஜின் புரொட்டெக்‌ஷன், ஐந்து வருட வாரண்டி என்று நான்கையும் ஒரே கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். டெக்னாலஜியின் வெறும் ஆன்ரோடு விலையைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.